வயிற்றுப் பிள்ளையோடு ஒரு நூல் கணக்கு



போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சின்னத் தொப்பியின் படம் போட்டேன். அன்று இரவே பதினொரு பேர் எழுதிவிட்டார்கள். "டீச்சர், இது எங்க வாங்கின?" "மிஸ், வயித்தோட இதெல்லாம் செய்யலாமா?" "எனக்கும் வீட்டுக்குள்ள இருந்து பைத்தியம் புடிக்கிற மாதிரி இரிக்கி, எப்பிடிப் பழகின நீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட இங்கே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகள் தூங்கின பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இது எனக்கு இரண்டாவது தடவை. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், இந்த நூல் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த முறை நாலாம் மாதத்தில் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்குப் போய் வருவதையும் நாள் முழுக்க நின்று படிப்பிப்பதையும் நிறுத்தச் சொன்னார். முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் 84 வேலை நாள் பிரசவ லீவைப் பிள்ளை பிறந்த பிறகுக்கு வைத்துக்கொண்டு, மருத்துவ லீவில் வீட்டில் இருந்தேன். உம்மா அடுப்படிக்குள் விடுவதில்லை. கணவர் விடிய வெளிக்கிட்டால் மஃரிபுக்குத்தான் வருவார். மிச்சம் நானும் ஃபோனும்.

வயிற்றுப் பிள்ளையோடு ஃபோனைப் பிடித்திருப்பவளுக்குத் தெரியும் அது என்ன செய்யும் என்று. அடிவயிறு லேசாக இழுத்தால் தேடு. இன்றைக்கு வாந்தி இல்லையே, தேடு. ஒரு கேள்வியோடு உள்ளே போனால் பத்துப் பயத்தோடு வெளியே வரலாம். பிள்ளையை இழந்தவளுக்கு அந்தப் பத்தும் நூறாகத் தெரியும்.

உம்மா ஒரு நாள் சொன்னார்: "அந்த ஃபோன வெச்சிட்டு கைக்கு ஒரு வேலய எடு மகள். கை சும்மா இரிந்தா மனசு ஓடித் திரியும். ஒன்ட மூத்தம்மா ஏழு புள்ளயயும் வயித்துல வெச்சிக்கிட்டுத்தான் பாய் இழைச்ச."

உண்மைதான். மூத்தம்மா பன் பாய் இழைத்த கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். வயலோரச் சதுப்பில் வெட்டிய பன்னைக் காயவைத்து, சாயம் போட்டு அவித்து, தரையில் குந்தியிருந்து இழைப்பார். ஆனால் இந்த வயிற்றோடும் இந்த முதுகோடும் தரையில் மணிக்கணக்காகக் குனிந்திருப்பது என்னால் ஆகாது. மருதமுனையில் பிறந்தவளுக்குத் தறி இருக்கிறதே என்பீர்கள். அது கால் மிதித்து உழைக்கிற வேலை. தவிர எங்கள் வீட்டுத் தறி 2004 சுனாமியோடு போய்விட்டது. மிஞ்சியது வாப்பா பத்திரப்படுத்தி வைத்த கொஞ்சம் பருத்தி நூல்.

அந்த நூலைத்தான் எடுத்தேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு ராத்தா குரோஷே பின்னுவார். ஒரு பின்னேரம் வந்து என் பக்கத்தில் இருந்து பழக்கிக் கொடுத்தார்.

குரோஷே என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நுனி கொக்கிபோல வளைந்த ஒரே ஒரு ஊசி. நூலில் ஒரு கண்ணி போட்டு, அந்தக் கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுக்க வேண்டும். அதுதான் சங்கிலித் தையல். முதல் மூன்று நாளும் நான் செய்தது சங்கிலி மட்டும்தான். தறி நூல் மிக மெல்லியது, நாலு இழையைச் சேர்த்துத்தான் பின்ன முடிந்தது. புதிதாகப் பழகுபவர்களுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் ஊசியும் கொஞ்சம் தடித்த பருத்தி நூலும் இலேசு. தவறினால் நூலை உருவிவிட்டு அதே நூலிலேயே திரும்பத் தொடங்கலாம், ஒன்றும் வீணாகாது.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். என்னைப் பிடித்து இருத்தியது வட்டம் பின்னும் கணக்கு. நடுவில் 6 தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலுக்குள்ளும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்து ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. பிறகு 24, 30, 36. தரம் 10 பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதும் கூட்டல் விருத்தி என் மடியில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஏன் 6? இதையும் இருந்து யோசித்தேன். சின்னத் தையல் ஒன்றின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். ஒரு சுற்றுக்கு ஆரை ஒரு தையல் உயரத்தால் கூடுகிறது. அப்படியானால் பரிதி 2π மடங்கு கூட வேண்டும், அதாவது 6.28 தையல். முழு எண்ணாக எடுத்தால் 6! கூட்டாமல் நிறுத்தினால் வட்டம் நிமிர்ந்து கிண்ணமாகிறது, தொப்பி பின்னுவது அப்படித்தான். 6ஐ விடக் கூடுதலாகக் கூட்டினால் ஓரம் கீரை இலை மாதிரிச் சுருளும். அந்தச் சுருளை வைத்தே 1997இல் டைனா டைமினா என்ற லத்வியக் கணிதவியலாளர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளையத் தளம் என்ற கஷ்டமான வடிவத்தைக் குரோஷேயில் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். லீவு முடிந்து போனதும் நானும் வகுப்புக்கு வட்டங்களைக் கொண்டுபோவதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

சரி, இனி மனசுக்கு வருவோம்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது மனசால் வேறெங்கும் போக முடியாது. 'பதினேழு, பதினெட்டு' என்று சொல்லும் வாய் 'இந்த முறையும் அப்படி ஆகிவிட்டால்' என்று சொல்வதில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அரை மணித்தியாலம் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதுவே பெரிய நிஃமத்.

இருபதாம் வாரம் தாண்டி, ஒரு பின்னேரம் நாலாவது சுற்றில் இருக்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. கையில் எண்ணிக்கை விட்டுப்போனது, வட்டத்தை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். போன முறை இந்த இடம் வரை நாங்கள் வரவில்லை.

பிந்திய மாதங்களில் எங்கள் பகுதி மருத்துவமாது பிள்ளையின் அசைவை எண்ணிக் குறிக்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகு நூலை வைத்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்து அதை எண்ணுவேன். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், பின்னும்போது அசைவு தவறிவிடும். வழமையை விட அசைவு குறைந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல், கூகிளிலும் தேடாமல், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் நீண்ட நாள் தள்ளி வைத்திருந்தேன். பிள்ளைக்கென்று எதுவும் பின்னவில்லை. போன முறை வாங்கின சின்னச் சட்டைகள் மூன்று அலுமாரியின் மேல்தட்டில் இன்னும் உறைக்குள் இருக்கின்றன. அதனால் முதலில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் வட்டங்கள் பின்னினேன், பிறகு உம்மாவின் கண்ணாடிக்கு ஒரு உறை. கிளினிக்கில் பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சிக்கு, அவளும் என்னைப்போலத்தான், ஒரு சின்னப் பை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முப்பதாம் வாரம் கணவர் ஒரு இளம்பச்சை நூல் பந்தை மேசையில் வைத்துவிட்டு, "இது கோப்பைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஸுபஹுத் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லி 6 தையலோடு தொடங்கினேன். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர். வட்டத்தின் விட்டம் 11 சென்ரிமீற்றர் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினேன். தொப்பி தானாக நிமிர்ந்தது. என்ன நடந்தாலும் இந்தப் பிள்ளைக்கு உம்மா ஒன்று செய்து வைத்திருக்கிறாள் என்று அந்த நேரம் நினைத்துக்கொண்டேன்.

பழக விரும்புபவர்களுக்குச் சில விஷயங்கள்:

முதுகுக்குத் தலையணை வைத்து, கால் தரையில் படும்படி கதிரையில் இருங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நடங்கள்.

இந்தக் காலத்தில் உடம்பில் நீர் சேர்வதால் சிலருக்குப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும். விறைத்தால் ஊசியை வைத்துவிட்டு மணிக்கட்டை நேராக வைத்து ஓய்வெடுங்கள். தொடர்ந்து இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

யூடியூபில் பழகுபவர்கள் கவனம். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதை இங்கிலாந்துக்காரர் 'டபுள் குரோஷே' என்பார்கள். வீடியோ எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

நம்முடைய வெயிலுக்குப் பருத்தி நூலே நல்லது. பிள்ளையின் பொருளில் பொத்தான், ரிப்பன், தொங்கும் நூல் வேண்டாம். சின்ன விரல் மாட்டும் அளவுக்கு ஓட்டையும் வேண்டாம். தொப்பியைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். பின்னிய போர்வையைத் தொட்டிலுக்குள் தளர்வாகப் போடாதீர்கள்.

குரோஷேதான் வேண்டும் என்றில்லை. பூக்கன்று, தையல், கையெழுத்து, எதுவாகவும் இருக்கட்டும். பாதியில் வைத்துவிட்டுப் படுக்கக்கூடிய, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத வேலையாகப் பாருங்கள். பழக்கிக் கொடுக்கும் ஒரு ராத்தாவை உங்கள் ஒழுங்கையிலேயே விசாரித்துப் பாருங்கள். அவரும் உங்களைப்போலத் தனியே இருந்து பின்னுகிறவராக இருக்கலாம்.

இன்றைக்கு எனக்கு 35 வாரம். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஒரு சோடிச் சின்னச் சப்பாத்தில் ஒன்று முடிந்துவிட்டது, மற்றது பாதியில். உங்கள் துஆவில் எங்கள் மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.