சம்பளம் வருஷத்துக்கு நூறு டாலர்!

2024 செப்டம்பர் 10. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஓட்டுச்சாவடி வாசலில் ஆளுக்கொரு பெயர்ப் பலகையோடு இரண்டு பேர். எதிரெதிர்க் கட்சியோ என்று பார்த்தால், ''ரெண்டு பேரும் ஒரே கட்சிதான்'' என்றார் கூட வந்த நண்பர்.

கட்சி வேட்பாளர் யார் என்பதையே இங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். பிரைமரி என்று பெயர். எந்தக் கட்சியிலும் சேராதவர்கூட ஏதாவது ஒரு கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிக் குத்தலாம். ஆக, சால்வையும் கையுமாகத் தலைவர் வீட்டு வாசலில் தவம் கிடக்க வேண்டாம். ஓட்டுச்சாவடி வாசலில் நின்றால் போதும்!

மனு போட இரண்டே டாலர். மாநில ஜனத்தொகை சுமார் 14 லட்சம். தலைநகர் கான்கார்டில், தங்கக் குவிமாடம் வைத்த கட்டடத்தில் கூடும் கீழ்ச்சபைக்கோ 400 உறுப்பினர்கள்! இரண்டு வருஷப் பதவிக்கு மொத்தச் சம்பளம் 200 டாலர். 1889-ல் நிர்ணயித்தது. அப்புறம் ஏறவே இல்லை.

''இதுக்கா கால்கடுக்க நிக்கறீங்க?'' என்று வயதான வேட்பாளரைக் கேட்டேன்.

''இங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. விற்பனை வரியும் கிடையாது. பள்ளிக்கூடச் செலவெல்லாம் வீட்டு வரி தலையிலே. பென்ஷன்காரங்க எப்படிக் கட்டறது? யாராவது போய்க் கேக்கணுமே!''

ராத்திரி ரிசல்ட். பதினோரு ஓட்டில் தோற்றுவிட்டார்.

மறுநாள் காலை தெருவோரத்தில் தன் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ''என் தெருக்காரங்க எல்லாரும் வந்திருந்தாலே ஜெயிச்சிருப்பேன்'' என்றவர், பலகையில் இருந்த மண்ணைத் துடைத்துக் காருக்குள் பத்திரமாக வைத்தார்.

''வருஷம் எதுவும் போடலை. 2026-க்கும் ஆகும்!''