மூச்சின் கணக்கு

நாளை என்ன நடக்கும் என்று அறிய விரும்பாத மனிதன் இல்லை. மழை வருமா, விளைச்சல் தேறுமா, மகளுக்கு நல்ல இடம் அமையுமா என்று பலவற்றைக் கேட்கும் மனிதன், நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான்: "பிழைப்பாரா?" மருந்துகள் பல கண்டறியப்படுவதற்கு முன்பே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. நோயைத் தீர்க்கும் வகை அறியாத காலத்திலும், அதன் முடிவை முன்கூட்டிச் சொல்ல வல்லவனை உலகம் நல்ல மருத்துவன் என்று போற்றியது.

ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, நோயின் போக்கை முன்னறிவதைப் பற்றியே பேசுகிறது. கூர்த்த மூக்கு, குழிந்த கண், ஒடுங்கிய நெற்றிப்பொட்டு, குளிர்ந்த காது ஆகியவற்றை அது சாவின் முகக்குறிகளாகக் கூறுகிறது. நம் சித்த மருத்துவம் நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எட்டினைத் தேர்ந்து நோயை அறியச் சொல்கிறது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் இத்தகைய நூலறிவு எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும், காய்ச்சலும் மார்ச்சளியுமாகப் படுத்திருக்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குகிறதா என்று பார்த்து, கைக்கடிகாரத்தை நோக்கியபடி மூச்சை எண்ணிய டிரெசர் ஐயாவை நாங்கள் எல்லாரும் அறிவோம். எண்ணி முடித்ததும் தாய்மார் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "லாரியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால், பட்டணத்துப் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய நோய் என்று பொருள்.

தோட்டத்து லயத்தில் ஒலித்த அந்தக் கேள்வி, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஒலித்தது. கொரோனாக் கிருமியால் மூச்சுத் திணறி வந்தவர்களால் மருத்துவமனைகள் நிறைந்தன. வந்தவர்களுள் யார் இரண்டு நாளில் நடந்து வீடு திரும்புவார், யார் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உயிர்வளி மிகவும் குறைந்த நிலையிலும் சிலர் துன்பக் குறியேதுமின்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய முகக்குறிகள் பொய்த்தன. ஆகவே, வேறொரு கணக்குத் தேவைப்பட்டது.

அவ்வாறு எழுந்த கணக்குகளுள் ஒன்று பிரிட்டனில் உருவாயிற்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் 260 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆய்வாளர்கள் திரட்டினர். 35,463 பேரின் குறிப்புகளைக்கொண்டு கணக்கை அமைத்தனர். பின்னர் வந்த 22,361 பேரிடம் அது பொருந்துகிறதா என்று சரிபார்த்தனர். 2020 செப்டம்பரில் வெளியான அக்கணக்குக்கு '4சி இறப்புப் புள்ளி' என்று பெயர். அதுவும் எட்டினையே பார்க்கிறது என்பது வியப்பான தற்செயல். வயது, பால், உடனிருக்கும் நோய்களின் எண்ணிக்கை, ஒரு நிமிடத்தில் விடும் மூச்சு, குருதியில் உள்ள உயிர்வளி, உணர்வுத் தெளிவு, குருதியிலுள்ள யூரியா, அழற்சியைக் காட்டும் ஒருவகைப் புரதம் ஆகியவையே அந்த எட்டு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. ஐம்பது வயதுக்குட்பட்டவருக்கு வயதுப் புள்ளி இல்லை. எண்பதை எட்டியவருக்கு 7. ஆணாய்ப் பிறந்ததற்கு 1. நிமிடத்துக்கு முப்பது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் 2. உயிர்வளி நூற்றுக்கு 92க்குக் கீழே இறங்கினால் 2. சிறுநீரகம் தளர்ந்து யூரியா மிகுந்தால் 3 வரை. இவ்வாறு கூட்டினால் மொத்தம் 21 வரை வரும். மூன்றும் அதற்குக் குறைவும் பெற்றவர்களுள் நூற்றுக்கு ஒருவரே இறந்தார். பதினைந்தும் அதற்கு மேலும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 62 பேர் இறந்தனர். கூட்டல் தெரிந்த எந்தப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால், கணக்கை அமைக்க உதவிய அந்த முதல் தொகுதியில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உயிருடன் வீடு திரும்பவில்லை. அந்தப் புள்ளிகளை நமக்கு எழுதித் தந்தவர்கள் அவர்களே எனலாம்.

இந்தக் கணக்கை நான் ஆராய்ச்சி ஆர்வத்தால் கற்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம், முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்த என் அண்ணன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 68. நீரிழிவும் இதய நோயும் அவருக்கு முன்பே இருந்தன. நம் நாட்டில் அந்நோயை ஐந்து வகையாகப் பிரித்திருந்தார்கள். நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிர்வளி தேவைப்படுவோர் நான்காம் வகை, கருவியின் துணையால் மூச்சுவிடுவோர் ஐந்தாம் வகை. அண்ணன் நான்காம் வகையில் சேர்க்கப்பட்டார். யாரும் உள்ளே சென்று பார்க்க இயலாது. தொலைபேசிதான் எங்களுக்குக் கதவும் சன்னலுமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, இளம் தமிழ் மருத்துவர் ஒருவர் அழைத்தார். அண்ணி கேட்ட முதற்கேள்வி எல்லாரும் கேட்பதுதான். அந்தப் பெண் சற்றுத் தயங்கிப் பிறகு தெளிவாகச் சொன்னார்: "அம்மா, ஐயாவைப் போல உடல்நிலை உள்ளவர்கள் நூறு பேர் வந்தால், முப்பது பேரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. ஐயா இப்போது நன்றாகப் பேசுகிறார். இன்றிரவே எல்லாரும் அவரோடு பேசிவிடுங்கள்."

அண்ணி பள்ளிக்கூடத்தில் மூன்றாண்டுகூடப் படித்தவரல்லர். அவர் உடனே கேட்டார்: "அந்த மத்த எழுபது பேருல இவரும் ஒருத்தரா இருக்கக் கூடாதாம்மா?"

"இருக்கலாம் அம்மா. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்றார் மருத்துவர்.

அன்றிரவு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நான் என்று எல்லாரும் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசினோம். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை மகனிடம் சொன்னார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாங்கள் இருவரும் காவடி பார்க்கப்போய்த் தொலைந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். இடையிடையே மூச்சு வாங்கிற்று. மறுநாள் அவரை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக் கருவியில் இணைத்தார்கள். பதினோராம் நாள் அவர் காலமானார்.

பின்னர் அந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நன்றி கூறினேன். அப்போது அவர் பொறுமையாக இந்த எட்டினையும் எனக்கு விளக்கினார். வயதுக்கு 4, ஆணுக்கு 1, இரண்டு நோய்களுக்கு 2, மூச்சுக்கு 1, உயிர்வளிக்கு 2, புரதத்துக்கு 2. அண்ணனின் கணக்கு 12. பிரிட்டனில் 9 முதல் 14 வரை பெற்றவர்களைச் சரிபார்த்தபோது நூற்றுக்கு 31 பேர் இறந்திருந்தனர். இந்த எண்ணைப் பல நாள் சிந்தித்தேன். ஒருவன் நூற்றில் முப்பத்தொரு பங்கு சாக முடியாது. அவனுக்குச் சாவு முழுமையாக வரும், அல்லது வாராது. எண், கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நாமோ கூட்டத்திலிருக்கும் ஒரு முகத்தைத் தேடுகிறோம். அண்ணியின் கேள்வி அந்த இடைவெளியில் பிறந்த கேள்வி. அதற்கு எந்தக் கணிதமும் விடை சொல்லாது.

மேலும், இத்தகைய கணக்கு தான் பிறந்த இடத்தையும் காலத்தையும் சுமந்துகொண்டே வருகிறது. அந்த ஆய்வின் முதல் தொகுதி 2020 மே மாதத்தோடு முடிந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான பழைய மருந்து, மூச்சுக் கருவியில் இருப்போரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்னும் செய்தி அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தது. தடுப்பூசி அதற்கும் பின்னர் வந்தது. மருந்து மாறினால் கணக்கும் மாற வேண்டும் அன்றோ? அளக்கும் கருவியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. விரலில் மாட்டி உயிர்வளியை அளக்கும் கருவிக்கு அடிப்படையான கொள்கையை 1974இல் கண்டவர் தக்குவோ அவோயாகி என்னும் சப்பானியப் பொறியியலாளர். உலகமே அக்கருவியைத் தேடிய 2020 ஏப்ரலில் அவர் மறைந்தார். அது எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி. ஆயினும், உண்மையில் உயிர்வளி குறைந்திருக்கும்போது போதுமென்று காட்டிவிடும் பிழை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி என்று அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. கருநிற மேனியரான நமக்கும் இது கருதத்தக்க செய்தி.

அப்படியானால் இந்த எண்ணால் பயன் என்ன? ஆசிரியராய் இருந்தவனுக்கு இதற்கு விடை காண்பது அரிதன்று. 2021இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்துவந்த காலத்தில், ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆறாம் ஆண்டு மாணவர் பட்டியலைப் பார்த்து, இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று நாம் குறித்ததுண்டு. பெரும்பாலும் குறிப்புச் சரியாகவே இருக்கும். ஆனால், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை இரண்டு. தேறமாட்டான் என்று குறிக்கப்பட்டவனைக் கடைசி மேசைக்கு அனுப்பலாம். அல்லது முதல் மேசைக்கு அழைக்கலாம். பட்டியல் ஒன்றுதான். அதைப் படிப்பவரின் மனமே இரண்டாகிறது.

மருத்துவமனையிலும் அதுவே நிகழ்கிறது. கட்டில்கள் குறைந்து, கருவிகள் குறைந்து, தாதியரும் களைத்துப்போன வேளையில், உயர்ந்த புள்ளி பெற்றவரைக் 'கடந்துவிட்டவர்' என்று எண்ணும் ஆபத்து உண்டு. நூற்றுக்கு 62 பேர் இறக்கும் கூட்டத்திலும் 38 பேர் பிழைத்தார்கள் என்பதை அப்போது நினைவில் வைத்தல் வேண்டும். அதே புள்ளி, இவர் அருகில் இன்னொரு முறை சென்று பாருங்கள், இவர் மூச்சை மீண்டும் எண்ணுங்கள், இவர் வீட்டாரிடம் இன்றே பேசுங்கள் என்றும் சொல்லக்கூடும். குறைந்த புள்ளி பெற்றவரை அச்சமின்றி வீட்டுக்கு அனுப்பி, அவர் கட்டிலைத் தேவையுள்ளவருக்குத் தரவும் அது துணைசெய்யும்.

சாவின் நாளை அறிந்துவிட வேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசை. அறிவியல் அந்த நாளை இன்னும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லும் என்றும் தோன்றவில்லை. யாரிடம் விரைந்து செல்ல வேண்டும், எந்தச் சொல்லை நாளைக்கென்று ஒத்திப்போடக் கூடாது என்பதை மட்டும் அது சொல்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவைப் பெற்றுத் தர அதுவே போதுமானதாய் இருந்தது.