பிள்ளைகளுக்காகச் செதுக்கிய வாசல்

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீற்றர் தூரத்தில் தொலேடோ என்னும் பழைய நகரம் இருக்கிறது. தாஹோ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓட, நடுவே குன்றின் மேல் வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அந்த நகரின் பழைய சந்தைச் சதுக்கத்திலிருந்து ஒரு வளைவு வாசலைக் கடந்து கீழே இறங்கினால், 'சாந்தா குரூஸ்' என்ற கட்டடம் வரும். திருச்சிலுவை என்பது அதன் பொருள்; முன்பு அது ஒரு வைத்தியசாலை.

அதன் வாசலைப் பார்த்தவர்கள் சற்று நின்றுதான் உள்ளே போவார்கள். பூக்கொடி, இலை, சிறு உருவங்கள், குத்துவிளக்குத் தண்டுபோல் கடைந்த தூண்கள் என ஒரு சாண் இடமும் விடாமல் கல்லிலே வேலை செய்திருக்கிறார்கள். நகைத் தொழிலாளி வெள்ளியில் செய்யும் நுணுக்கத்தைக் கற்தச்சன் கல்லில் செய்தான். ஸ்பானிய மொழியில் வெள்ளி வேலை செய்பவரை 'பிளாத்தேரோ' என்பர். ஆகவே இந்தப் பாணிக்கு 'பிளாத்தெரெஸ்கோ' என்று பெயர் வந்தது. பழைய கொதிக் கட்டடக்கலை மெல்ல விலகி, இத்தாலியிலிருந்து மறுமலர்ச்சிக் கலை வந்து சேர்ந்த காலத்தில், இரண்டும் கலந்து பிறந்தது இது.

இத்தனை அழகும் யாருக்காக? அரசனுக்கு அல்ல. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும்தான். கர்தினால் மென்தோசா என்பவர் தமது சொத்தை இதற்கென எழுதிவைத்து 1495 இல் இறந்தார். அவரது விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பை இசபெல் அரசி ஏற்றாள். 1504 இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டில் அரசியும் இறந்துபோனாள். கட்டடத்தை என்றிக்கே எகாஸ் அமைத்தார். வாசலையும் உள்ளே இருக்கும் மாடிப்படியையும் அலோன்சோ தே கொவாருபியாஸ் செய்தார். வாசலின் மேலே, சிலுவையைக் கண்டெடுத்த ஹெலேனா என்ற தாயின் சிற்பம் இருக்கிறது. அவள் முன்னே கர்தினால் முழந்தாளில் நிற்கிறார்.

உள்ளே கட்டடம் சிலுவை வடிவில் நான்கு பக்கமும் நீள்கிறது. படுக்கையில் இருப்பவர்களும் நடுவிலுள்ள பீடத்தைக் காணத்தக்கதாக இவ்வாறு அமைத்தார்கள். மேலே மரக்கூரை. அது ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் தச்சர்கள் வளர்த்த கலை.

ஆனால் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. இதே இசபெல் அரசியும் அவள் கணவரும்தான் 1492 இல் யூத மக்களை நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். மதம் மாற மறுத்தவர்கள் தொலேடோவிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வாசலை விட்டுப் போனார்கள். ஒரு கையால் அநாதைகளுக்கு வாசல் திறந்தவள், மறு கையால் எத்தனையோ பிள்ளைகளைத் தெருவில் விட்டாள்.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் அல்காசர் கோட்டை நிற்கிறது. 1936 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அக்கோட்டை சுமார் 70 நாட்கள் முற்றுகையிடப்பட்டு, பெரும்பகுதி இடிந்துபோயிற்று. உள்ளே நூற்றுக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் அடைபட்டிருந்தார்கள். பின்னர் அதைத் திருப்பிக் கட்டினார்கள்.

சாந்தா குரூஸ் இன்று நூதனசாலை. சகோதரிகளே, உதவி என்று வரும்போது எஞ்சியதையும் பழையதையும் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை நுழையும் வாசலுக்கு, ஊரின் மிகச் சிறந்த கைவினைஞனை அழைத்து வேலை செய்வித்தவர்களும் இருந்தார்கள். அந்த வாசல் 500 ஆண்டுகளாக அங்கே நிற்கிறது.