மூக்கில் ஒயர் தொங்கும் கார்கள்!

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது ஃபேர்பேங்க்ஸ். வானில் பச்சை நிறத்தில் ஒளித்திரை ஆடும் 'அரோரா'வைப் பார்க்க, குளிர்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் ஊர். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எட்டிப் பார்ப்பது 4 மணி நேரத்துக்கும் குறைவுதான்.

வந்து இறங்கியதும் புதியவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிவது, இங்குள்ள கார்கள். ஒவ்வொரு காரின் முகப்பிலும், மூக்குக்குக் கீழே ஒரு மின்சார ஒயர் தொங்குகிறது. ஹோட்டல், அலுவலகம், பல்கலைக்கழகம் என எங்கே வண்டியை நிறுத்தினாலும் பக்கத்தில் பிளக் பாயின்ட். எல்லாம் எலெக்ட்ரிக் கார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவை சாதாரண பெட்ரோல் வண்டிகள்தான்!

இன்ஜினுக்கு ஒரு ஹீட்டர்

ஃபேர்பேங்க்ஸில் மைனஸ் 40 டிகிரி என்பது பழக்கப்பட்ட விஷயம். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் புள்ளி அது. அந்தக் குளிரில், பல்கலைக்கழக வாசலில் உள்ள வெப்பநிலைப் பலகை முன்னால் நீச்சல் உடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது மாணவர்களின் வழக்கம். 1934 ஜனவரியில் இந்த ஊர் மைனஸ் 54 டிகிரியையும் பார்த்திருக்கிறது.

இந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் தேன்போலக் கெட்டியாகிவிடும். பேட்டரியின் வலு பாதியாகக் குறையும். சாவியைத் திருப்பினால் முனகல் சத்தம் மட்டுமே வரும். அதனால்தான் இன்ஜினுக்குள் ஒரு சின்ன ஹீட்டர். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக அதற்கு மின்சாரம் கிடைக்கும்படி டைமர் வைத்துவிடுகிறார்கள். ஆயில் தட்டுக்கு ஒரு சூடேற்றி, பேட்டரிக்கு ஒரு மின்கம்பளி என்று கூடுதலாகப் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு.

மைலேஜ் எங்கே போகிறது?

இந்த ஒயருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: பெட்ரோலை மிச்சப்படுத்துவது. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கின்படி, 25 டிகிரியில் ஓடும் பெட்ரோல் காரை மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓட்டினால், மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டரே போகும் குட்டிப் பயணம் என்றால் 24 சதவீதம் வரை குறையலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், பதினொன்றரையில் நின்றுவிடும். ஹைபிரிட் கார்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். 30 சதவீதத்தைத் தாண்டும். மைனஸ் 7 என்பது ஃபேர்பேங்க்ஸ்காரர்களுக்கு இதமான நாள் என்பதை நினைவில் வையுங்கள்!

காரணங்கள் பல. ஆயிலும் கியர்பாக்ஸும் இறுகிக் கிடப்பதால், சுழல்வதற்கே கூடுதல் சக்தி வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கூடுதலாகப் பெட்ரோலை உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. ஹீட்டர் ஃபேன், கண்ணாடியில் படியும் பனியை உருக்கும் கம்பி, சூடாகும் சீட், நாள் முழுக்க எரியும் விளக்கு எல்லாம் மின்சாரம் கேட்கும்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. மைனஸ் 40-ல் காற்றின் அடர்த்தி, 25 டிகிரியில் இருப்பதைவிடக் கால் பங்குக்கும் மேல் அதிகம். அதைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். கதகதப்பான கராஜிலிருந்து வெளியே வரும் டயரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் இறங்கிவிடும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகி உறைந்துபோகும். காலையில் முதல் சில தெருக்களுக்கு வண்டி 'டக் டக்'கென்று குதித்துக்கொண்டே போகும். உள்ளூரில் இதற்கு 'சதுர டயர்' என்று செல்லப் பெயர்.

நின்றபடி குடிக்கும் பெட்ரோல்

சாதாரணக் குளிரில், ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் மெதுவாக ஓட்டத் தொடங்கிவிடலாம். ஓடினால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். ஆனால் மைனஸ் 40-ல் வெளியே நின்ற வண்டியில் உடனே ஏறிக் கிளம்ப முடியாது. கடைக்குள் போகும்போது இன்ஜினை அணைக்கவும் பலருக்குப் பயம். திரும்பி வரும்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. பலர் காருக்குள் ஸ்லீப்பிங் பேக், கனமான பூட்ஸ் வைத்திருப்பதும் அதனால்தான்.

நின்றபடி ஓடும் இன்ஜினின் மைலேஜ் பூஜ்ஜியம். செலவு பர்ஸோடு முடிவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். கடுங்குளிரில் அது அந்தரத்திலேயே உறைந்து, ஐஸ் துகள் மூடுபனியாக ஊர்மேல் கவிகிறது. எதிரே வரும் வண்டிகூடத் தெரியாது. ஊரைச் சுற்றிக் குன்றுகள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதை மூடிபோட்டது போல அடைத்துவிடுகிறது. விறகு அடுப்புப் புகைதான் இங்கே பெரிய பிரச்னை. வாகனப் புகையும் அதோடு சேர்ந்துகொள்ள, மூச்சுவிடும் காற்றே கெட்டுப்போகிறது. நுண்துகள் மாசு அளவு தாண்டிய பகுதி என்று 2009-லேயே அரசு அறிவித்துவிட்டது.

முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கும் அந்த ஒயர், பெட்ரோலையும் காற்றையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. கூடவே இன்னொரு பழக்கமும் கைகொடுக்கிறது: கடை, தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடுவது. சூடான இன்ஜின் ஆறுவதற்குள் அடுத்த வேலை!

அரோரா பார்க்கப் போய், வாடகைக் காரை எடுப்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. இரவு ஹோட்டலில் ஒயரைச் செருக வேண்டும். காலையில் கிளம்பும் முன் கழற்ற வேண்டும். கழற்ற மறந்து, ஒயரை அறுத்துக்கொண்டு இழுத்துப் போகும் கார்களும் அந்த ஊர்க் குளிர்காலக் காட்சிதான்!