கரி போகும் இடம்

கப்பலில் பணிபுரியும் எம் தம்பி 2021ஆம் ஆண்டு விடுப்பில் வந்தபோது, வீட்டிற்கு ஒரு கார் வாங்க விரும்பினான். பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா என்று எம்மிடம் ஆலோசனை கேட்டான். டீசல்தான் என்று யாம் உடனே விடையிறுத்தோம். குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் கிளைப்பங்குகளுக்கு எம்மைச் சுமந்து சென்ற பழைய டீசல் ஜீப்பின் நினைவே எம்மை அவ்வாறு சொல்லத் தூண்டியது. புழுதியிலும் சேற்றிலும் அது உழைத்த உழைப்பை யாம் மறக்கவில்லை. டீசல் மலிவு என்ற எண்ணமும் இருந்தது. டீசலின் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2014 அக்டோபரில் நீக்கியதையும், பெட்ரோலுக்கும் அதற்கும் முன்பிருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டதையும் யாம் செய்தித்தாளில் படித்தே இருந்தோம். படித்தது வேறு, மனத்தில் பதிந்திருந்தது வேறு.

வண்டி வந்தது. தம்பி கப்பலுக்குத் திரும்பினான். வீடு திருநெல்வேலி நகரை அடுத்த பேட்டையில் இருக்கிறது. அங்கே எம் அன்னையும், தம்பியின் மனைவியும், இரு பிள்ளைகளும். வண்டி காலையில் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடும். மாலையில் அதே இரண்டு கிலோமீட்டர். இடையே காய்கறிக் கடை, மருந்துக் கடை. திங்கட்கிழமைதோறும் யாம் பங்கிலிருந்து பேருந்தில் வீட்டிற்கு வருவது வழக்கம். அன்று வண்டி எம் கையில். வங்கிக்கும் அச்சகத்திற்கும் போய் வருவோம். எஞ்சின் நன்கு சூடேறும் முன்பே முடிந்துவிடும் பயணங்கள் அவை. அதில் பிழை ஏதும் இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தம்பியின் மனைவி எம்மிடம், "சாமி, வண்டியில மஞ்சளா ஒரு விளக்கு எரியுது. பாத்துச் சொல்லுங்க" என்றார். சிறு பெட்டி ஒன்றினுள் புள்ளிகள் இட்டாற்போன்ற படம். வண்டியோடு தந்த கையேடு அலமாரியில்தான் இருந்தது. யாம் அதைத் திறக்கவில்லை. "சிவப்பு எரிந்தால்தான் அஞ்ச வேண்டும், மஞ்சள் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டோம். முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவர் சொன்ன சொல் என்று அவரும் நம்பினார்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. சில நாள்களில், வண்டியை வீட்டின் முன் நிறுத்தியதும் எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்று விரைந்து சுழலும். விசிறி உரக்க ஓடும். அடியிலிருந்து சூடான உலோக வாடை எழும். 'நவீன வண்டி, இப்படித்தான் போலும்' என எண்ணிச் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். ஒரு திங்களன்று ஆயில் அளவுக் கோலை உருவிப் பார்த்தோம். மேல்கோட்டிற்கும் மேலே ஆயில் நின்றது. சொட்டும் குறையவில்லை என்று மகிழ்ந்து, அதைத் தம்பிக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்த விளக்கு எதைக் குறித்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியின்படி, டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் துகள்களை வெளிவிடலாகாது. முந்தைய பி.எஸ். 4 விதியில் அந்த அளவு 25 மில்லிகிராம். இதனை எட்டுவதற்காகப் புகைவழியில் ஒரு வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பணிமனைகளில் டி.பி.எஃப். என்பர். பெஜோ என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே தன் 607 காரில் இதனைப் பொருத்தி விற்றது. பீங்கானாலான தேன்கூடு என்று சொன்னால் வாசகர்க்கு உருவம் விளங்கும். அதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒவ்வொரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஓர் அறையினுள் நுழையும் புகை, நுண்துளைகள் நிறைந்த சுவரின் ஊடே அடுத்த அறைக்குச் சென்றுதான் வெளியேற முடியும். கரி சுவரிலே தங்கிவிடும்.

தங்கிய கரி எரிந்து தீர வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியில், புகையின் வெப்பத்தாலேயே அது சிறிது சிறிதாக எரியும். அது போதாதபோது, எஞ்சினின் கணினி தானே கூடுதலாகச் சிறிது டீசலைச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசு வரை சூடேற்றும். அந்த வேலை முடியப் பதினைந்து, இருபது நிமிடங்கள் வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் அணைத்தால் கரி எரியாமல் நிற்கும். செலுத்திய டீசலில் ஒரு பகுதி சிலிண்டரின் சுவர்வழியே கசிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் கூடும், கூடிய ஆயில் நீர்த்துப்போய் எஞ்சினைக் காக்கும் வலிமையை இழக்கும். வீட்டு வாயிலில் உரக்க ஓடிய விசிறி, எம்மிடம் இன்னும் சற்றுப் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. யாம் கண்டு மகிழ்ந்த ஆயிலில் டீசல் கலந்திருந்தது.

அவ்வாண்டு திசம்பரில் ஓர் இரவு அன்னைக்கு மூச்சு முட்டியது. அவருக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உண்டு. புகைத்தவர் அல்லர். விறகடுப்பின் முன் நாற்பது ஆண்டுகள் அமர்ந்தவர். தம்பியின் மனைவி அவரை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு விரைந்தார். சந்திப்பு அருகே ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி தளர்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடவில்லை. முகப்பில் இரண்டு மூன்று விளக்குகள் ஒருசேர எரிந்தன. வடிகட்டி அடைத்துக்கொண்டால், எஞ்சினைக் காக்கும்பொருட்டுக் கணினி அதன் வலிமையைக் குறைத்துவிடுமாம். பின்னால் ஒலிப்பான்கள் அலற, ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து, ஓர் ஆட்டோவை மறித்து அன்னையை அதில் ஏற்றினார். மருத்துவமனையில் மருந்தாவி கொடுத்தார்கள். விடியுமுன் மூச்சு சீரானது. செய்தி எமக்குக் காலைத் திருப்பலிக்குப் பின்னரே கிட்டியது.

தம்பி கப்பலிலிருந்து அழைத்தான். அவன் சினம் முழுவதும் மனைவிமேல் பாய்ந்தது. விளக்கு எரிந்தும் கவனியாமல் விட்டாயே என்றான். அவர் எம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாமும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை. பிறர் குற்றங்களை இருட்டில் அமர்ந்து கேட்டே பழகிய எமக்கு, எம் குற்றத்தை வெளிச்சத்தில் சொல்ல இரண்டு நாள்கள் ஆயின. மூன்றாம் நாள் தம்பியை அழைத்து, மஞ்சள் விளக்கைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது யாமே என்றோம். நெடுநேரம் மறுமுனையில் ஓசை இல்லை. பிறகு, "அவகிட்ட போனக் குடுங்க" என்றான். யாம் கொடுத்துவிட்டு முற்றத்திற்குச் சென்றோம்.

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி நிறுவனத்தின் பணிமனைக்கு அனுப்பினோம். வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால் இலட்ச ரூபாயைத் தாண்டும் என்றார்கள். உறவினர் ஒருவர் வேறொரு பணிமனைக்காரரை அழைத்து வந்தார். அவர் சொன்னது எளிது: "சாமி, உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துட்டு வெறுங் குழாயாக்கிருவோம். கம்ப்யூட்டர்லயும் மாத்திட்டா விளக்கே எரியாது. பத்துல ஒரு பங்கு செலவுதான்." பெற்றோருக்குப் பணம் மருத்துவமனையிலும், பிள்ளைகளுக்குப் பணம் பள்ளியிலும் கரையும் குடும்பம். தம்பியின் மனைவி எம் முகத்தைப் பார்த்தார். உற்பத்தியாளர் அமைத்த அமைப்பை இவ்வாறு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்திற்கு முரணானது என்பதை யாம் அறிவோம். ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: எம் பிழையை விரைந்து மறைத்துவிடும் வழி அது, உள்ளம் அதன்பால் சாய்ந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த அன்னை கேட்டார்: "ஏய்யா, அந்தக் கூட்ட எடுத்துட்டா கரி எங்க போவும்?"

அவர் எவரையும் கண்டிக்கும் நோக்கத்தில் கேட்கவில்லை. அடுப்படியில் வாழ்ந்தவரின் கணக்கு அது. எம் பழைய வீட்டின் ஓடுகளைப் பிரித்தபோது, அடுக்களை உத்திரத்திலிருந்து விரற்கடை கனத்திற்குக் கரி உதிர்ந்ததை அவர் தம் கையால் அள்ளியவர். பணிமனைக்காரர் சிரித்து, "வெளிய போயிரும் ஆச்சி" என்றார். அன்னை மேலே ஒன்றும் கேட்கவில்லை. இருமினார். அந்த வண்டி நாள்தோறும் இருமுறை நிற்கும் இடம் பள்ளியின் வாயில். டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் அறிவித்ததைப் பங்கு இளைஞர்களுக்கு யாமே ஒருமுறை எடுத்துரைத்திருக்கிறோம். வெளியே வந்து, நின்றிருந்த அவருடைய வேனின் புகைக்குழாயினுள் விரலை விட்டுத் துடைத்தோம். விரல் மை தோய்ந்தது போலாயிற்று. எங்கள் வண்டியின் குழாயில் ஒருபோதும் அப்படி ஒட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை வழியனுப்பி வைத்தோம்.

நல்வாய்ப்பாக வடிகட்டி வெடித்திருக்கவில்லை. பணிமனையில் கணினியை இணைத்து, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை விரைந்து ஓடவிட்டுக் கரியை எரித்தார்கள். காய்ந்த புல் அருகே இதனைச் செய்யலாகாது, அவ்வளவு வெப்பம். ஆயிலை முழுதும் வடித்து, சாம்பல் குறைந்த வகை ஆயிலை ஊற்றினார்கள். ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல், கரியைப்போல் எரிவதில்லை. வடிகட்டியில் தங்கிக்கொண்டே போகும். ஆகவே வகை மாறிய ஆயிலை மலிவுக்காக ஊற்றுவது கூடாது. செலவில் பாதியை எம் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். தம்பியின் மனைவி மறுத்தார், யாம் கேட்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் ஓடும் வீட்டிற்கு டீசல் வண்டி ஏற்றதன்று. இதனை இன்று எவர் கேட்டாலும் தயங்காமல் சொல்வோம். எனினும் வாங்கியதை வைத்து ஓட்ட வேண்டுமே. இப்போது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, திங்கள் காலையில், நாற்கரச் சாலையில் கங்கைகொண்டான் வழியே கயத்தாறு வரை ஓட்டிச் சென்று திரும்புகிறோம். உயர்ந்த கியருக்கு அவசரப்பட்டு மாற்றாமல், எஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாதபடி ஓட்டுகிறோம். அன்னையும் வருகிறார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினால், "தெரியும் பெரியப்பா" என்கிறார்கள்.

சென்ற முறை தம்பியின் மனைவியே ஓட்டினார். திரும்பி வந்து வீட்டின் முன் நின்றதும் விசிறி உரக்க ஓடத் தொடங்கியது. சூடான வாடை எழுந்தது. பசித்திருந்த எம் கை, பழக்கத்தால், கதவைத் திறக்கச் சென்றது. "இறங்காதீங்க சாமி, இன்னும் எரிஞ்சு முடியல" என்று சொல்லி, அவர் வண்டியை மீண்டும் புறவழிச் சாலைக்குத் திருப்பினார்.