காத்தான்குடி வரை ஒரு மழலையுடன்

கொழும்பிலிருந்து காத்தான்குடிக்குக் காரில் போவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். பெரியவர்களுக்கே இடுப்பு நோகும். ஒன்றரை வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதன் அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். பசியோ, வெக்கையோ, ஈரத்துணியோ, சலிப்போ இருக்கும்.

சுபஹ் தொழுததும் புறப்படுங்கள். பாதித் தூக்கத்தில் ஏறும் பிள்ளை நெடுந்தூரம் உறங்கிவிடும். குருநாகல், தம்புள்ளை, கதுருவெல என்று இடையிடையே இறக்கி நடக்க விடுங்கள். கால் நீட்டிய பிள்ளை அடுத்த தூரத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

விளையாட்டுச் சாமான்களை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். ஒன்று சலித்தபின் மற்றது. ஹபரணை தாண்டினால் ஜன்னலே போதும். மின்னேரியாக் காட்டோரம் யானை தென்படலாம்; கண்டாலும் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். மன்னம்பிட்டியில் மகாவலியின் மேல் 1922ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தைக் காட்டுங்கள். 2007இல் புதுப்பாலம் திறக்கும்வரை ரயிலும் வாகனங்களும் அதிலேயே சென்றன. ரயில் வந்துவிட்டால் பிள்ளைக்குப் பெருநாள்தான்!

தின்ன வாழைப்பழம், இடியப்பம் போதும். கச்சானும் டொபியும் தொண்டையில் சிக்கும்.

தாய்மாரே, அழுகிறதென்று முன் இருக்கையில் மடியில் வைக்காதீர்கள். திடீரென பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையும் தாங்காது. பின் இருக்கையில், பிள்ளைக்குரிய ஆசனத்தில் வார் பூட்டியே இருக்கட்டும். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பிந்தினாலும் உம்மம்மா வாசலில் காத்திருப்பார்.