பரணி மழையும் தார்ப் பூச்சும்

தருமபுரிப் பக்கம் எங்கள் ஊரில் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், பகல் பதினோரு மணிக்கு மேல் யாரும் தெருவில் தலைகாட்ட மாட்டார்கள். மைசூருக்குத் தார் வேலைக்கு வந்த புதிதில் அதே கணக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன். கத்திரி வெயில் மாதம், பூசியது மளமளவென்று காயும் என்று நம்பினேன். அதே நாட்களை இங்குள்ள விவசாயிகள் பரணி மழை, கிருத்திகை மழை, ரோகிணி மழை என்று நட்சத்திரத்தின் பெயரால் அழைப்பது அப்போது எனக்குத் தெரியாது. சூரியன் நிற்பது அதே பரணியிலும் கிருத்திகையிலும்தான். நம் பக்கம் அதற்குக் கத்திரி என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அது இடிமழைக் காலம். மைசூரில் அதிகம் மழை பெய்யும் மாதங்களில் மே ஒன்று, அக்டோபர் இன்னொன்று.

இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். ஒரு தொழிற்கூடத்தின் வண்டி நிறுத்தும் இடம், 600 சதுர மீட்டர் இருக்கும். பழைய தார்த் தளம் வெளுத்துச் சாம்பல் நிறமாகி, மயிரிழை விரிசல்கள் விட்டிருந்தது. விரிசலை அடைத்து, மேலே எமல்ஷன் பூச்சு ஒன்று கொடுத்தால் இன்னும் சில வருடம் தாங்கும். மே இரண்டாவது வாரம். காலையில் கண்ணைப் பறிக்கும் வெயில். கம்ப்ரஸர் வைத்துத் தூசி ஊதி, பதினொரு மணிக்குப் பூச ஆரம்பித்து, இரண்டரைக்கு முடித்துக் கை கழுவினோம். மூன்றரைக்குச் சாமுண்டி மலைக்குப் பின்னால் கருத்தது. நாலு மணிக்குக் கொட்டியது. அரை மணி நேரம்தான். காப்பித் தண்ணீர் நிறத்தில் எங்கள் பூச்சு ஓடி, சுவரோரம் திட்டுத்திட்டாகத் தேங்கி, சாக்கடையில் இறங்கியது. வெள்ளையடித்த சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புத் தெறிப்பு. மறுநாள் முழுக்கச் சுவரையும் வடிகாலையும் தேய்த்துக் கழுவினோம். கூலியும் போச்சு, சரக்கும் போச்சு.

என்னோடு இருந்த பெரிய மேஸ்திரி ஏசவில்லை. "தம்பி, நீ வெயிலப் பாத்த. காத்தப் பாக்கல. காலைல இருந்தே சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அது என்னன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குக் காற்றில் அவ்வளவு ஈரம். மழை வராமல் இருந்திருந்தாலும் அந்தப் பூச்சு இருட்டுவதற்குள் காய்ந்திருக்காது.

எமல்ஷன் என்பது, தாரைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டது. வகையைப் பொறுத்து 100 கிலோவில் 30 முதல் 50 கிலோ வரை தண்ணீர்தான். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நேர்மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். கல்லின் மேல் பட்டதும் தார் கல்லைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் பிரியும். பழுப்பு கறுப்பாக மாறும் அந்த நிமிஷத்தைத்தான் 'உடையுது' என்கிறோம். ஆனால் உடைந்ததும் வேலை முடிந்துவிடாது. பிரிந்த தண்ணீர் அத்தனையும் மேலே ஏறி ஆவியாகிப் போக வேண்டும். அதற்குத் தரைச் சூடு, காற்றோட்டம், காற்றில் இடம் மூன்றும் வேண்டும். ஈரத்தால் நிறைந்த காற்று இன்னும் ஈரத்தை எங்கே வாங்கி வைக்கும்?

அப்படியானால் நல்ல சூட்டில் பூசினால் போதுமே என்று நினைப்பதும் தவறு. ஏப்ரல் நடுப்பகலில் மைசூரில் காற்று 35 டிகிரி இருக்கும்போது, கறுத்த தளம் 55, 60 டிகிரிக்குப் போய்விடும். அதன் மேல் எமல்ஷனை ஊற்றினால், பால் மேல் ஆடை கட்டுகிற மாதிரி மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். அடியில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். பார்வைக்குப் பளபளப்பாக, வேலை முடிந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் ஒரு கார் வந்து ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பினால், டயரோடு தோல் உரிந்து வரும். அப்படி உரிந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் இன்னும் பழுப்பு.

அதனால் எங்களுக்கு இரண்டு கடிகாரம். ஏப்ரலில் ஆறரைக்கெல்லாம் இடத்தில் இருப்போம், பதினொன்றுக்குள் சாமான்களைக் கட்டிவிடுவோம். தளம் கொதிக்கிறது என்றால் முன்கூட்டி லேசாகத் தண்ணீர் தெளித்து ஆற்றுவது உண்டு. தேங்க விடக் கூடாது. ஜனவரியில் தலைகீழ். விடியலில் 15, 16 டிகிரி, புல் மேல் பனி, தளத்தின் மேலும் பனி. தளம் நன்றாகக் கறுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் அது ஈரத்தின் கறுப்பு. பத்தரைக்கு முன் வாளியைத் திறக்கவே மாட்டோம். மத்தியானம் இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் பூசினால் ஆறு மணிக்குப் பனி இறங்கும்போது பாதி ஈரமாகவே இருக்கும். நாள் முழுக்கச் சம்பளம் கொடுத்து மூன்றரை மணி நேரம் வேலை வாங்குவதா என்று இடத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரம்தான் வேலை. மீதி நேரம் காத்திருப்பதும் வேலைதான் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் பெரிய கருவி கிடையாது. புறங்கையைத் தளத்தில் வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை வெயிலில் விரித்து, நான்கு ஓரத்தையும் கல் வைத்து அமுக்கிவிட்டு ஒரு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்து தாளைத் தூக்கினால் அடியில் முத்துமுத்தாகத் துளிகள் தெரியும், அல்லது தெரியாது. தெரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

மைசூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, நிழல். இந்த ஊரின் பழைய சாலைகளுக்கு அழகே இருபுறமும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள்தான். ஒரே தெரு, ஒரே சரக்கு, ஒரே ஆட்கள். வெயில் படும் பக்கம் மத்தியானம் ஒரு மணிக்குக் காலால் நடக்கலாம். மரத்தடியில் நாலு மணிக்கும் விரலில் ஒட்டும். அதனால் நிழல் விழும் பகுதியை முதலில் பூசுவேன், வெயில் பகுதியைக் கடைசியில். நிழல் நகரும் என்பதால் முந்தின நாளே வந்து, பத்து மணிக்கு எங்கே, இரண்டு மணிக்கு எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வதும் உண்டு. மரத்தை வெட்டிவிட்டால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அந்த மரம் அறுபது, எழுபது வருடமாக நிற்பது. என் பூச்சு நாலு வருடம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு முற்றத்துக்கே தார்ப் பூச்சு பூசுவார்கள். 10 டிகிரிக்குக் கீழே பூசாதே, 24 மணி நேரத்துக்கு மழை இருக்கக் கூடாது என்பது அங்கே பொது விதி. நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு நூலிலும் அதே 10 டிகிரி இருக்கிறது. நிழலில் அதற்குக் கீழே போனால், அடுக்குகளை ஒட்டவைக்க அடிக்கும் மெல்லிய டேக் கோட்டை அடிக்கக் கூடாது. உறைபனி விழும் ஊர்களுக்கு அந்த எண் உயிர்நாடி. மைசூரில் வெப்பமானி 10 டிகிரியைத் தொடுவதே அபூர்வம். அதனால் அந்த வரியை மட்டும் காட்டி, "இங்கே வருடம் முழுக்கப் பூசலாம்" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தளம் ஈரமாக இருந்தால் வேலையை நிறுத்து, மழையிலும் மூடுபனியிலும் செய்யாதே என்று அதே நூல் சொல்வதை அவர்கள் படிப்பதில்லை. நம் ஊருக்கான வரி அதுதான்.

சுற்றுவட்டாரக் குவாரிகளில் உடைக்கும் கல் பெரும்பாலும் கருங்கல் இனம். அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல் பாசம் அதிகம். கல்லுக்கும் தாருக்கும் நடுவே துளி ஈரம் புகுந்தால் போதும், கல் தாரை உதறிவிட்டுத் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். ஜல்லி பெயர்ந்து ரோட்டோரம் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் 'தார் கம்மி' என்று சனங்கள் திட்டுகிறார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் தார் சரியாகத்தான் இருந்தது, பூசிய நாள்தான் சரியில்லை.

காய்ச்சிய தாரில் செய்யும் சீல் கோட் தனி வேலை. 20 மில்லிமீட்டர் தார்-ஜல்லி அடுக்கான கார்ப்பெட் போட்ட கையோடு, 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ தார் கலந்த பொடிச் சல்லியை மேலே பரப்பி உருட்டுவது. இதில் காய வேண்டிய தண்ணீர் இல்லை. ஆறிப்போகும் சூடுதான் எதிரி. வி.ஜி.30 ரகத் தார் என்றால், கலவையை 140 டிகிரிக்குக் குறையாமல் பரப்ப வேண்டும், 90க்கு இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். தடித்த அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய அடுக்கு விழுந்த இடத்திலேயே சூட்டை விட்டுவிடும். பகலில் வண்டிப் போக்குவரத்து என்று ஊருக்குள் இரவில்தான் வேலை கொடுப்பார்கள். ஜனவரி இரவு, குளிர்ந்த தளம், கூடவே காற்று. பத்து நிமிஷம்கூடக் கைக்கு மிஞ்சாது. டிப்பர் மேல் தார்ப்பாய் கட்டாமல் வந்தால் மேலே ஓடு கட்டியிருக்கும். அந்தக் கட்டிகளை ரேக்கால் உடைத்துப் பரப்பினாலும் அவை மறுபடி ஒட்டுவதில்லை. அடுத்த மழையில் குழியாவது அந்த இடங்களே.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் வேலை வரும் நேரத்தை வானிலை தீர்மானிப்பதில்லை. செப்டம்பர் வந்துவிட்டால் மைசூரில் எல்லாருக்கும் தசரா அவசரம். அரண்மனையிலிருந்து சயாஜி ராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபம் வரை தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி போகும் சுமார் 5 கிலோமீட்டரை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் கறுப்பாக்கிக் காட்ட வேண்டும். 2023இல் விஜயதசமி அக்டோபர் 24, 2024இல் 12, 2025இல் 2ஆம் தேதி. எந்த வருடம் எடுத்தாலும் அதற்கு முந்தைய வாரங்கள் மழை வாரங்கள். நானும் பூசியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஒரு வருடம் தளத்தில் ஈரம் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, "விழாவுக்கு முன்னால் முடியுமா, முடியாதா?" என்று கேட்டார்கள். முடித்தோம். பொங்கலுக்குள் பாதி உரிந்துவிட்டது. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த அவசரம் மார்ச், கணக்கு முடிக்கும் மாதம். நல்லவேளையாக மார்ச் மைசூரில் பூசுவதற்கு ஏற்ற மாதம். ஆனால் எல்லாரும் ஒரே மாதத்தில் கேட்டால் ஆளும் தார் பரப்பும் பேவர் இயந்திரமும் எங்கிருந்து வரும்?

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை இந்த ஊரில் தளம் உலர்ந்திருக்கும். நூறு நாளுக்குச் சற்று மேல். குடியிருப்பு சங்கத்தாரும், பள்ளி, தொழிற்கூடம் நடத்துகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விலை விசாரிப்பதை ஆகஸ்டில் செய்யுங்கள், யாருக்கு வேலை என்பதை நவம்பருக்குள் முடிவு செய்யுங்கள், தேதியை மட்டும் வேலை செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். பூச வந்த ஆள் காலையில் தளத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "இன்னிக்கு வேணாம்" என்று திரும்பிப் போனால், அவரையே மறுபடியும் கூப்பிடுங்கள்.